ஏழு மாத பீகிள் குட்டியை முயல் வேட்டைக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: கேட்டவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறார், பிள்ளைகளுக்காக வாங்கிய பீகிள் நாய்க்குட்டிக்கு இப்போது ஏழு மாதம். பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் முயல் வேட்டைக்குப் போகிறவர், அவரைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. குட்டி முயலைக் கண்ணால் பார்த்தால் பாய்ந்து துரத்துகிறது, முயல் புதருக்குள் மறைந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறது. முயல் விட்டுப்போன வாசனைத் தடத்தில் குரைப்பதே இல்லை. "இது தேறுமா? வீட்டுக்குள் வளர்ப்பதால்தான் இப்படியா?"

தேறும். ஏழு மாதத்தில் முயலைப் பார்த்துத் துரத்துகிறது என்றால் ஆசை இருக்கிறது என்று அர்த்தம், ஆசையைத்தான் நம்மால் கற்றுக்கொடுக்க முடியாது, மற்றதெல்லாம் வரும். ஆனால் அதற்கு முன்னால் பீகிளின் வேலை என்ன என்பதில் தெளிவாகிவிடுங்கள், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் குழம்புவதே அங்கேதான்.

முயல் வேட்டை என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கன்னியும் சிப்பிப்பாறையும். அவை கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்கிற நாய்கள், வெட்டவெளிக்காகவே வார்த்த உடம்பு. (அந்த வேட்டை இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது குற்றம். ஊருக்கு நாயைக் கொண்டுபோனால் அங்கே பழக்கிப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.) பீகிள் அப்படியில்லை. குட்டைக் கால், தொங்கும் காது, தரையை ஒட்டிய மூக்கு. அமெரிக்காவில் தோள் உயரத்தை வைத்து 13 அங்குலத்துக்குள் ஒரு வகை, 13 முதல் 15 அங்குலம் வரை இன்னொரு வகை என்று பிரிக்கிறார்கள், இரண்டுமே முயலை ஓடிப் பிடிக்கிற வேகம் கொண்டவை அல்ல. பிடிக்க வேண்டியதும் இல்லை.

உங்கள் பக்கத்தில் இருப்பது காட்டன்டெயில் முயல். அது சில ஏக்கருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிற பிராணி, தனக்குத் தெரிந்த புதர், தெரிந்த சந்து, தெரிந்த வேலி ஓரம் இவற்றை விட்டு வெளியே போக அதற்கு மனசே வராது. நாய் பின்னால் வரும்போது ஓடும், வளைந்து வளைந்து ஒரு பெரிய வட்டம் போட்டு, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வரும். வேட்டைக்காரர் ஓட வேண்டியதில்லை, முயல் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடான, நன்றாகப் பார்க்க முடிகிற இடத்தில் அசையாமல் நின்றால் போதும். நாய் தன் குரலால் 'இப்போது இங்கே வருகிறது, இப்போது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் வேகமான நாய் உண்மையில் தொந்தரவு. பின்னால் நெருக்கினால் காட்டன்டெயில் வட்டம் போடாமல் நேராகப் போய், மண்ணில் வளை தோண்டி வாழ்கிற கிரவுண்ட்ஹாக் என்ற பிராணியின் வளை ஏதாவது ஒன்றுக்குள் புகுந்துகொள்ளும் (இந்த முயல் தானாக வளை தோண்டாது, அடுத்தவன் தோண்டியதில் குடியேறும்), அத்தோடு ஆட்டம் முடிந்தது. நிதானமாக, மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல், தடத்தை விடாமல் வருகிற நாய்தான் இங்கே நல்ல நாய்.

ஆக குட்டி கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று விஷயம்: முயலைக் கிளப்புவது, மூக்கால் தொடர்ந்து குரல் கொடுப்பது, தடம் அறுந்தால் தானே தேடி எடுப்பது. இந்த மூன்றில் எதையும் நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியாது. முயல்தான் சொல்லிக்கொடுக்கும். உங்கள் வேலை அடிக்கடி முயலோடு சந்திக்க வைப்பது, பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது. இரண்டாவதுதான் கஷ்டம், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் "அங்கே பார், அங்கே பார், தேடு தேடு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள், குட்டி தரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் குட்டி இப்போது கண்ணை நம்புகிற கட்டத்தில் இருக்கிறது. எல்லாக் குட்டியும் இதைக் கடந்துதான் வரும். சிலது ஐந்தாவது மாதத்திலேயே மூக்குக்கு மாறிவிடும், சிலது ஒரு வயது தாண்டியும் விளையாட்டுப் பிள்ளையாகவே இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் திடீரென்று பெரிய மனுஷனாகிவிடும். தாய் தகப்பன் வேட்டை நாய்களா, கண்காட்சி வம்சமா என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். வேட்டை வம்சமாக இருந்தால் சீக்கிரம் பிடிக்கும், இல்லையென்றாலும் பெரும்பாலும் வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

மூக்குக்கு மாற்ற ஒரு வழி இருக்கிறது, இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். விடியற்காலையிலோ பொழுது சாயும்போதோ, முயல்கள் புல்வெளி ஓரத்தில் மேய வருகிற நேரத்தில், குட்டியைக் கயிற்றோடு இன்னொருவர் கையில் கொடுத்துத் தள்ளி நிறுத்துங்கள், முயல் கண்ணில் படாத தூரத்தில். நீங்கள் போய் முயலைக் கிளப்புங்கள். அது எங்கே உட்கார்ந்திருந்தது, எந்தப் பக்கம் போனது என்று நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் போகட்டும். பிறகு குட்டியைக் கொண்டுவந்து முயல் உட்கார்ந்திருந்த இடத்தில், முயல் போன திசையைப் பார்த்த மாதிரி விடுங்கள். திசை முக்கியம், எதிர்த் திசையில் விட்டால் முயல் வந்த வழியே பின்னோக்கிப் போகப் பழகும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. விட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கண்ணுக்கு எதுவும் கிடைக்காதபோது மூக்கைப் பயன்படுத்துவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. முதலில் பத்தடி போகும், விட்டுவிடும். அடுத்த முறை இருபதடி. அதுவே போதும். குட்டிக்குச் சலிப்பு வருவதற்கு முன்னால், இன்னும் வேண்டும் என்று துடிக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

முயல் தோலைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தடம் போட்டுப் பழக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். நாலைந்து மாதக் குட்டிக்கு மூக்கைக் கீழே வைக்கப் பழக்க ஓரிரு முறை செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் இழுத்துக்கொண்டு நடக்கும்போது உங்கள் செருப்பு வாசனையும் கூடவே விழுகிறது, குட்டி முயலை விட்டுவிட்டு உங்களைத் தொடரக் கற்றுக்கொள்ளும், கெட்டிக்காரக் குட்டியாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக.

சரி, முயல் கிடைக்கிற இடம்? ஒஹாயோவில் பீகிள் கிளப்புகள் நிறைய உண்டு, அவற்றில் பலவற்றில் குட்டிகளைத் தொடங்கி வைப்பதற்கென்றே வேலி போட்ட இடம் வைத்திருப்பார்கள். சில ஏக்கர், உள்ளே காட்டன்டெயில்கள், ஒளிந்துகொள்ளக் குச்சிக் குவியல்கள், நடுநடுவே புல் வெட்டிய பாதைகள். ரோடு இல்லை, மான் இல்லை, காரில் அடிபடும் பயம் இல்லை, முயல் தேடி அலைய வேண்டியதும் இல்லை. சில வாரம் அங்கே கொண்டுபோவது நல்ல முதலீடு. ஆனால் மாதக்கணக்கில் அங்கேயே போட்டு வைக்காதீர்கள். அங்கே ஒன்றை விட்டால் அடுத்தது பக்கத்திலேயே கிளம்பும், தொலைந்த தடத்தை உட்கார்ந்து தேட வேண்டிய அவசியமே குட்டிக்கு வராது. தடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட ஆரம்பித்ததும் வெளிக்காட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியே போனால் முள். மல்டிஃப்ளோரா ரோஸும் பிளாக்பெர்ரியும் அடர்ந்து கிடக்கிற இடத்தில்தான் முயல் இருக்கும், ஒஹாயோவில் இதற்குப் பஞ்சமே இல்லை. குட்டி ஓரத்தில் நின்று உங்களைப் பார்த்தால், தூக்கி உள்ளே போடாதீர்கள். நீங்கள் உள்ளே போங்கள். தடித்த கேன்வாஸ் பேன்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஜீன்ஸ் கிழியும். உள்ளே முயல் இருக்கிறது என்று ஓரிரு முறை தெரிந்துவிட்டால் அப்புறம் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

குரைப்பு பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான குட்டிகளில் முதலில் வால்தான் பேசும், வாசனை கிடைத்ததும் வால் அடிக்கிற வேகம் மாறும். பிறகு ஒரு முனகல், கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒரு நாள் முழுக் குரல். சிலது நீட்டி ஊளை மாதிரி கொடுக்கும், சிலது வெட்டி வெட்டிக் குரைக்கும், இரண்டிலும் தப்பில்லை. ஏழு மாதத்தில் அமைதியாக இருப்பது குறையே அல்ல. இதற்கு நேர் எதிரான குறைதான் பெரிய வினை: வாசனை இல்லாத இடத்திலும் குரைத்துக்கொண்டே திரிகிற நாய். அதை நம்பி நீங்கள் ஒரு பக்கம் காத்திருப்பீர்கள், முயல் உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும், கூட ஓடுகிற நாய்களும் குழம்பும். அதனால் குரைக்க வைக்க நீங்கள் கத்தி உசுப்பேற்றுவது வேண்டவே வேண்டாம்.

இப்போது தடம் அறுகிற இடத்துக்கு வருவோம், இங்கே 'செக்' என்பார்கள், ஒரு நாயின் தரம் தெரிவது இங்கேதான். முயல் நேராக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பக்கவாட்டில் ஒரு தாவு தாவித் திரும்பிவிடும், அல்லது வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி வந்து அங்கிருந்து குதிக்கும். குட்டி வேகத்தில் தாண்டிப் போய்விடும். நல்ல குட்டி கடைசியாக வாசனை இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, சின்ன வட்டம் போட்டு, கிடைக்கவில்லையென்றால் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும். அனுபவமில்லாத குட்டி எங்கெங்கோ ஓடும், அல்லது உங்களுடையது செய்கிற மாதிரி உங்களிடம் வந்துவிடும். முயல் போன பக்கம் உங்களுக்குத் தெரியும், கைகாட்ட வேண்டும் போல இருக்கும். காட்டாதீர்கள். நடந்து போய்த் தடத்தை மிதிக்கவும் செய்யாதீர்கள். திரும்பி வந்தால் தட்டிக்கொடுக்காமல், பேசாமல், நின்ற இடத்திலேயே நில்லுங்கள், உங்களிடம் சுவாரசியமாக ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மூக்கைக் கீழே வைக்கும். பல நாள் தோற்கும். தோற்கட்டும். தானாக ஒரு முறை கண்டுபிடித்து மறுபடி குரல் கொடுத்துவிட்டால், அந்த ஒரு முறைக்கு இருக்கிற மதிப்பு நீங்கள் நூறு முறை உதவி செய்ததற்கு இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரரின் நாய்களோடு விடலாமா? வயசான, நிதானமான, பொய் சொல்லாத ஒரே ஒரு நாய் இருந்தால் சில முறை விடுங்கள், குட்டிக்கு விஷயம் சட்டென்று புரியும். கூட்டத்தோடு விடாதீர்கள். வேகமான நாய்களோடு விட்டால் குட்டி மூக்கைப் பயன்படுத்தாமல் காதை வைத்து அவற்றின் பின்னால் ஓடும், பார்ப்பதற்கு வேட்டையாடுகிற மாதிரியே இருக்கும், தனியாக விட்டால்தான் தெரியும் ஒன்றுமே கற்கவில்லை என்று. எனவே பெரிய நாயோடு ஒரு நாள் போனால், அடுத்த பல நாள் தனியாகக் கொண்டுபோங்கள்.

நாளைப் பார்த்துக் கிளம்புவதும் ஒரு வேலை. பனி இறங்கி ஈரமாக இருக்கிற குளிர்ந்த காலையில் வாசனை தரையோடு நிற்கும். காய்ந்த தரை, பலத்த காற்று, புழுதி, உதிரி உதிரியான வறண்ட வெண்பனி என்றால் கைதேர்ந்த நாயே தடுமாறும், அந்த நாளில் குட்டியை எடை போடாதீர்கள். கோடையில் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், தடத்தில் இருக்கிற பீகிள் களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் விழுகிறவரை ஓடும். தண்ணீர் எப்போதும் கையில் இருக்கட்டும். முயல் குட்டி போடுகிற மாதங்களில் நாய் பழக்கத் தடை உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒஹாயோ வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிற விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மான். உங்கள் மாநிலத்தில் வெள்ளைவால் மான் எங்கே பார்த்தாலும் இருக்கிறது, மான் வாசனை முயலைவிட வலுவானது, குட்டிக்கு அது ஒரு கொண்டாட்டம். முயலைத் துரத்தினால் சத்தம் வளைந்து திரும்பும், மானைத் துரத்தினால் சத்தம் நேர்கோட்டில் தூரமாகிக்கொண்டே போகும், பிறகு கேட்காது. நாய் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஜிபிஎஸ் காலர் விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கிவிடுங்கள். மின் அதிர்ச்சி காலரை மானிலிருந்து விலக்கப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்துவதானால் முதலில் வீட்டில் மிகக் குறைந்த அளவில் "வா" என்ற கட்டளையோடு சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு மானைத்தான் துரத்துகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்தால் மட்டும் பொத்தானைத் தொடுங்கள். சந்தேகத்தில் அழுத்தி, அது முயல் தடத்தில் இருந்திருந்தால், முயலைத் தொட்டால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். அத்தோடு அந்த நாயின் வேட்டை முடிந்தது. ஒரு வேளை நாய் தொலைந்துவிட்டால், விட்ட இடத்திலேயே நீங்கள் போட்டிருந்த சட்டையையும் கொஞ்சம் தண்ணீரையும் வைத்துவிட்டு வாருங்கள், பல நாய்கள் இரவிலேயே வந்து அதன்மேல் படுத்திருக்கும்.

கூப்பிட்டால் வருவது வீட்டிலேயே முடிய வேண்டிய பாடம். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் ஊதுங்கள், அவ்வளவுதான். மூக்கு வேலை செய்யும்போது பீகிளுக்குக் காது கேட்காது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள், எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்ததற்குத் திட்டாதீர்கள்.

துப்பாக்கிச் சத்தத்தை அவசரப்படுத்தினால் சரி செய்யவே முடியாத பயம் பிடித்துவிடும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாணவேடிக்கைக்குக் கூட்டிப் போய்ப் பழக்குகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், அதைவிட மோசமான யோசனை இல்லை. குட்டி தடத்தில் முழு ஆவேசத்தோடு குரைத்துக்கொண்டிருக்கும்போது, வெகு தூரத்தில் ஒருவர் சின்ன வெற்றுத் தோட்டா ஒன்று வெடிக்கட்டும். தலையைத் தூக்காமல் ஓடினால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே. திரும்பிப் பார்த்து நின்றுவிட்டால் பல வாரம் அந்தப் பேச்சே வேண்டாம். பிறகுதான் ஷாட்கன்.

உங்கள் பக்கக் காகித வேலையும் உண்டு. முதல் முறை உரிமம் எடுக்கிறவர் ஒஹாயோவில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும், அல்லது அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருக்கிற அப்ரென்டிஸ் உரிமம் வாங்க வேண்டும். தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்னது போதாது. முயல் சீசன் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஒரு நாளைக்கு 4 முயல். இடையில் மான் துப்பாக்கி சீசன் வரும்போது ஆரஞ்சு உடை கட்டாயம், மற்ற நாளிலும் நீங்களும் போடுங்கள், நாய்க்கும் ஆரஞ்சுக் காலர் போடுங்கள். இன்னொன்று, நம்மவர்களுக்கு யாரும் சொல்லாதது: ஹெச்1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, முறையாகக் கொடுக்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. இரவல் துப்பாக்கியும் 'வைத்திருப்பதில்' சேரும். ஆகவே உரிமத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வேண்டாம். குடியேற்ற நிலை சம்பந்தப்பட்ட விஷயம், வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சீசனில் முயல் கிளம்பியதும் சுடாதீர்கள். ஒரு வட்டமாவது ஓடவிடுங்கள், குட்டி தொடர்ந்து கொண்டுவந்த முயலைச் சுட்டால்தான் அது கற்றதற்குப் பலன் தெரியும். நாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தாழ்வாகச் சுடவே கூடாது. விழுந்த முயலைக் குட்டி முகர்ந்து கொஞ்சம் கவ்வி இழுக்கட்டும், பிறகு வாங்கிப் பைக்குள் போடுங்கள். உரிக்கும்போது கையுறை கட்டாயம், துலரீமியா என்று ஒரு முயல் காய்ச்சல் இருக்கிறது, மனிதருக்கு ஒட்டும். கல்லீரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த முயல் வேண்டாம். கறி நன்றாக வேகட்டும். குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள், நாடாப்புழு அப்படித்தான் வருகிறது. திரும்பியதும் காதுக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி பாருங்கள், கண்ணில் முள் கீறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிக் கேள்வி, வீட்டுக்குள் வளர்ப்பதால் வேட்டை கெடுமா என்பது. கெடாது, பிள்ளைகளோடு சோபாவில் தூங்குகிற பீகிள்கள் நன்றாகவே ஓடுகின்றன. கெடுப்பது எடைதான். பீகிள் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும், பிள்ளைகள் ஆளுக்கொரு தோசைத் துண்டு போட்டால் ஆறு மாதத்தில் உருண்டுவிடும். விலா எலும்பு கையால் தடவினால் தெரிய வேண்டும். தட்டில் மிஞ்சிய சாம்பாரையும் போடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு விஷம், திராட்சையும் அப்படியே.